களிமண் பாவையும் கடவுள் பட்டமும்

கட்டைவிரல் அளவே உள்ள ஒரு பெண்ணுருவம். களிமண்ணைப் பிசைந்து, கையாலேயே உருட்டி, மூக்கைக் கிள்ளி எடுத்து, கண்ணுக்கு ஒரு கீறல், காதுக்கு ஒரு துளை, கூந்தலுக்குச் சில கோடுகள்; ஒப்பனை அவ்வளவே. நெருப்பிலே வெந்து, செம்மை பெற்று, ஈராயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் உறங்கி, இன்று காட்சிசாலையின் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறாள். அவள் காலடியில் ஒரு சீட்டு: ‘தாய்த் தெய்வம்’.

யார் சொன்னது? அவள் சொன்னாளா? அவளை வனைந்த கை எழுதி வைத்ததா? இல்லை. தோண்டி எடுத்தவர் சூட்டிய பட்டம் அது. மொகஞ்சதாரோவிலே கல்லில் ஓர் ஆணுருவம் கிடைத்தது, ‘குருமன்னன்’ என்றனர். வெண்கலத்தில் ஒரு பெண்ணுருவம் கிடைத்தது. ‘நாட்டிய மங்கை’ என்றனர். சுட்ட மண்ணில் பெண்ணுருவங்கள் ஏராளமாகக் கிடைத்தன. ‘தாய்த் தெய்வம்’ என்றனர். ஆண் என்றால் அரசு கட்டில். பெண் என்றால் ஒன்று ஆட வேண்டும், இன்றேல் அருள் பாலிக்க வேண்டும்! உழுதவளாக, நெய்தவளாக, பானை சுமந்தவளாக, பிள்ளைக்குப் பொம்மை செய்து கொடுத்த பாட்டியாக, சும்மா ஒரு மனுஷியாக இருக்க அவளுக்கு உரிமையில்லை. அடுப்பங்கரைக்கு அப்பால் பெண்ணை அடியெடுத்து வைக்க விடாத சமுதாயம், மண்ணுக்குள் கண்டெடுத்தவளை மட்டும் பீடத்தில் ஏற்றிக் கும்பிடுகிறது. சீட்டு எழுதியவரின் சிறு பிழைதானே என்று இதைத் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. நம் முன்னோரைப் பற்றி யார் பேசுவது, எதை வைத்துப் பேசுவது என்னும் வழக்கு இதனுள் அடங்கிக் கிடக்கிறது.

மன்னர்கள் கல்லில் எழுதினர். கொடுத்த நிலத்தையும் கொன்ற பகைவரையும் பொறித்தனர். செப்பேட்டில் எழுதினர்; வரி நீக்கிய ஊரையும் அதைப் பெற்ற வேதியரையும் குறித்தனர். புலவர்கள் ஓலையில் எழுதினர். கறையான் தின்றது போக மிஞ்சியது நமக்குக் கிடைத்தது. ஊர்ப் புறத்திலே வாழ்ந்தவர்கள், எழுத்தறியாதவர்கள், ஏரியில் மண்ணெடுத்து வாழ்ந்தவர்கள் எதில் எழுதினார்கள்? மண்ணில்தான். பொன்னைக் கொள்ளையடித்தனர், வெண்கலத்தை உருக்கினர், கல்லைப் பெயர்த்து வீடு கட்டினர். உடைந்த மண் பாவையை எடுத்துச் செல்ல எந்தப் படையும் வரவில்லை. மதிப்பில்லாத பொருளாயிருந்ததே அதற்குக் காப்பாயிற்று.

இதை நன்கு காண ஒருமுறை கடல் கடந்து மெக்சிகோ வரை சென்று திரும்புவோம்.

1519இல் ஸ்பானியர் அங்கே கரை இறங்கினர். 1521இல் அஸ்டெக்குகளின் தலைநகர் வீழ்ந்தது. யூகட்டான் பகுதியில் மானி என்னும் ஊரிலே 1562ஆம் ஆண்டு தியேகோ தே லாண்டா என்ற பாதிரியார், மாயா மக்களின் சுவடிகளைக் குவித்துத் தீயிட்டார். ‘பேயின் பொய்கள்’ என்பது அவர் கண்ட காரணம். ஒரு நாகரிகத்தின் வானநூலும் கணக்கும் வரலாறும் புகையாயின. மாயா ஏடுகளில் இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கே நான்கு. அன்பே வடிவென்று பேசும் சமயங்கள் ஏட்டைக் கண்டால் மட்டும் ஏன் எரியும் கொள்ளியைத் தேடுகின்றனவோ, அறியோம்!

ஆனால் தீயை வைத்துச் சுவடியை அழிக்கலாம். சுட்ட மண்ணை அழிப்பது எப்படி? அது தீயிலேயே பிறந்ததாயிற்றே! இன்றைய மெக்சிகோ நகரின் மேற்கு ஓரத்தில் த்லாதில்கோ என்றொரு பழைய ஊர் மண்ணுக்கடியில் கிடந்தது. அதைக் கண்டுபிடித்தவர் அறிஞரல்லர். செங்கல் அறுக்க மண் வெட்டிய கூலியாட்கள். அவர்கள் மண்வெட்டியில் சிக்கிய சின்னஞ்சிறு பொம்மைகளைக் கண்டு வியந்து, விலை கொடுத்துச் சேர்த்தவர் மிகேல் கோவாருபியாஸ் என்னும் ஓவியர். 1942இல் முறையான அகழாய்வு தொடங்கிற்று. நூற்றுக்கணக்கான கல்லறைகள், அவற்றினுள் கி.மு. 1200ஐ ஒட்டிய நூற்றாண்டுகளின் மண்ணுருவங்கள். சிற்றிடையும் பருத்த தொடையும் கொண்ட பெண்கள், உடலெங்கும் வண்ணக்கோலம், ஒருத்தியின் கூந்தல் போல் இன்னொருத்தியின் கூந்தல் இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்தவள், நாயைக் கையில் ஏந்தியவள், கழைக்கூத்தாடி, முகமூடி அணிந்தவன், பந்தாடுபவன் என ஓர் ஊரே அங்கு நிற்கிறது. மன்னன் என்று சுட்டிக்காட்டத்தக்க ஒருவனும் அந்தக் கூட்டத்தில் எளிதில் அகப்படுவதில்லை.

அவற்றுள் சில உருவங்களுக்கு ஒரே தலையில் இரண்டு முகங்கள், மூன்று கண்கள், இரண்டு மூக்குகள். கண்டவுடன் ‘இரட்டைத் தெய்வம்’ என்றனர் சிலர். வாழ்வும் சாவும் என்று தத்துவம் விரித்தனர் வேறு சிலர். 2000ஆம் ஆண்டில் ஒரு மருத்துவர் வேறு விதமாகக் கூறினார்: கருவில் முகம் இரட்டிப்பது அரிதாக நேரும் ஒரு பிறவிக் குறை, அதை நேரில் கண்ட கை, கண்டபடியே வனைந்திருக்கிறது. அவர் கூற்று முடிந்த முடிபன்று, மறுப்போர் உளர். எனினும் மூவாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு சிற்றூர்க் குயவர் கற்பனையில் மிதந்தார் என்று கொள்வதற்குப் பதிலாகக் கண்ணால் நோக்கினார் என்று கொள்ள இடமுண்டு என்பதை அந்த மருத்துவர் நமக்குக் காட்டினார். பழங்கால மக்கள் என்றாலே பயத்தில் நடுங்கியவர்கள், எதைக் கண்டாலும் கையெடுத்தவர்கள் என்னும் எண்ணம் நம் எழுத்தாளர் பலரின் பேனாவில் ஊறியிருக்கிறது.

இதற்கும் முந்திய உருவம் ஒன்று உண்டு. மெக்சிகோப் பள்ளத்தாக்கின் சோகாபில்கோ என்னுமிடத்தில் கிறிஸ்டின் நீடர்பெர்கர் கண்டெடுத்தது. காலம் ஏறத்தாழ கி.மு. 2300. கைகள் இல்லை, வாய் இல்லை. ஆனால் கண்ணும் மூக்கும் உண்டு. அந்நாட்டில் அறியப்பட்ட சுடுமண் உருவங்களில் அதுவே மிகப் பழையதென்பர்.

நாம் தேடும் முறை எதுவென்பதைக் காட்டித் தந்தது தெற்கே உள்ள ஓஹாக்கா பள்ளத்தாக்கு. ஜாய்ஸ் மார்க்கஸ் என்னும் பெண் ஆய்வாளர், அங்குக் கிடைத்த மண்ணுருவங்களின் அழகை ஆராய்வதோடு நில்லாமல், எது எங்கே கிடந்தது என்று கேட்டார். வீட்டுக்குள் கிடந்ததா, வெளியிலா? தரைக்கு மேலா, அடியிலா? முழுமையாகவா, உடைந்தா? அவை பெரும்பாலும் வீடுகளிலும் வீட்டுக் குப்பையிலும் கிடந்தன. ஆடவர் கூடிய பொதுக் கட்டடங்களில் அல்ல. பெரும்பாலானவை பெண்ணுருவங்கள். எனவே, வீட்டுப் பெண்டிர் தம் மறைந்த பாட்டியரை, தாயரை நினைத்துப் பேசுவதற்காகத் தாமே செய்துகொண்ட உருவங்கள் இவை என்று 1998இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். சான் ஹோசே மொகோதே என்னும் ஊரில் ஒரு வீட்டுத் தரைக்கடியில் நான்கு உருவங்களை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தனர். மூவர் கைகளைக் கட்டி மல்லாந்து கிடக்கின்றனர், ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மேலோர் கீழோர் என்னும் பிரிவு அந்த ஊரில் தலைகாட்டத் தொடங்கிய காலம் அது. ஏற்றத்தாழ்வு பிறந்த கதையை நான்கு மண் பொம்மைகள் நமக்குச் சொல்கின்றன.

பிறகு மோந்தே அல்பான் மலையுச்சியில் நகரம் எழுந்தது, அரசு எழுந்தது, கோயிலும் கோயிலுக்குரிய பூசாரிக் கூட்டமும் எழுந்தன. வீட்டுக்குள் பெண்கள் செய்த சின்னஞ்சிறு உருவங்கள் அருகி மறைந்தன. முன்னோரோடு பேசும் உரிமை அடுப்படியிலிருந்து பறிபோய், படிக்கட்டு ஏறி, மேல்மாடத்துப் புரோகிதனின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. வடக்கே தியோதிவாகான் பெருநகரில் கை வனைந்த முகம் போய் அச்சில் வார்த்த முகம் வந்தது. ஒன்றைப் போலவே ஒன்று, ஆயிரக்கணக்கில். இந்த மாற்றத்தைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்றுப் பின்னர் நம் ஊர் எல்லையிலேயே இதைச் சந்திப்போம்.

மெக்சிகோவை விட்டுப் புறப்படுமுன் ஒரு பொம்மையைப் பார்த்துவிடுவோம். நான்கு காலிலும் சக்கரம் மாட்டிய மண் நாய்! வெராகுரூஸ் பகுதியிலுள்ள த்ரெஸ் சபோதெஸ் முதலிய இடங்களில் இத்தகையவை கிடைத்துள்ளன. அமெரிக்கப் பழங்குடிகள் சக்கரத்தையே அறியாத காட்டுமிராண்டிகள் என்று வெள்ளையர் எழுதிய நூல்கள் எத்தனை எத்தனை! சக்கரம் அவர்களுக்குத் தெரியும். வண்டி இழுக்கத்தான் மாடும் இல்லை, குதிரையும் இல்லை. இழுக்க விலங்கில்லாத நாட்டில் வண்டி செய்து என்ன பயன்? பிள்ளைகளுக்குப் பொம்மையாகவோ வேறு எதற்காகவோ சக்கரத்தைப் பயன்படுத்தினர். அறிவுக் குறைவென்று பழித்ததெல்லாம் பொருளாதாரச் சூழ்நிலை என்று ஒரு மண் நாய் மெய்ப்பித்துவிட்டது.

இங்கே நம்மவர் சிலரிடமும் ஒரு சொல். ‘மாயா’ என்ற பெயரைக் கேட்டதும் ‘மயன்’ நினைவுக்கு வர, தமிழன் கப்பலேறிச் சென்று மெக்சிகோவில் கோபுரம் கட்டினான் என்று மேடையில் முழங்குவோர் உளர். ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா? கையும் களிமண்ணும் நெருப்பும் உள்ள இடத்தில் எல்லா மக்களும் பாவை செய்தனர். அங்குள்ளவன் அறிவை இங்குள்ளவன் கொடுத்தான் என்பது, நம் அறிவை வடக்கேயிருந்து வந்தவன் கொடுத்தான் என்று சொல்பவனின் அதே வாதந்தான். திசை மட்டுமே வேறு.

*

இனி நம் மண்.

நீலமலையின் உச்சிகளில் கற்குவியல்களுக்கு அடியில் பழைய ஈமத் தாழிகளும் கலங்களும் கிடந்தன. மாவட்ட ஆணையராயிருந்த பிரீக்ஸ் அவற்றைத் தோண்டி எழுதிய நூல் 1873இல் வெளிவந்தது. அந்தக் கலங்களின் மூடிகளைக் காண வேண்டும்! மூடிக்கு மூடி ஓர் உருவம். எருமைகளே மிகுதி; மானும் யானையும் பறவையும் உண்டு; குதிரை மேல் ஏறிய ஆடவரும் பெண்டிரும் உண்டு. சேர்வராயன் மலையில் கிடைத்த மண் பெண்ணுருவங்களின் கூந்தலைக் கண்டு, சுருள் சுருளாக முடி திருத்தி உச்சியில் சீப்புச் செருகிய அக்காலப் பெண்டிரைப் பற்றி எழுதினார் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே அறிஞர். தருமபுரி மாவட்டத்து மோதூரில் இன்னும் முந்திய புதிய கற்காலத்து மண்ணுருவங்கள் கிடைத்தன. மூடியில் எருமை இருந்தது என்றால் அம்மக்கள் வாழ்வில் எருமை இருந்தது என்று பொருள். அதற்கு மேல் செல்ல வேண்டுமாயின் வேறு சான்று வேண்டும்.

பொருநை ஆற்றங்கரையில் ஆதிச்சநல்லூர். 1876இல் யாகோர் என்னும் செருமானியரும், அவருக்குப் பின் அலெக்சாந்தர் ரீயும் தோண்டிய அதே ஈமக்காட்டில், 2004இல் சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் அகழ்ந்தனர். அப்போது கிடைத்த ஒரு தாழியின் ஓட்டில் மண்ணை ஒட்டி உருவாக்கிய ஒரு காட்சி. மெலிந்துயர்ந்த ஒரு பெண், பக்கத்தில் ஒரு மரம், அலகில் மீனைக் கவ்விய நாரை, ஒரு மான், ஒரு முதலை. வழக்கம்போல் ‘தாய்த் தெய்வம்’ என்ற குரலும் எழுந்தது. ‘ஆடும் மகள்’ என்ற குரலும் எழுந்தது. நமக்குப் படுவது வேறு. ஆறும் வயலும் கண்ட ஓர் ஊரின் படம் அது. இறந்தவரை இட்ட தாழியிலே, அவர் வாழ்ந்த நிலத்தையே ஒட்டி அனுப்பியிருக்கின்றனர். அந்தப் பெண் யார் என்று தாழி சொல்லவில்லை. சொல்லாததை நாம் சொல்ல வேண்டாம்.

தாழி செய்தவனை நம் புலவர்கள் மறக்கவில்லை. கணவனை வழியிடையே இழந்த ஒருத்தி, குயவனை அழைத்து, எனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய் என்று வேண்டுவதைப் புறநானூற்றின் 256ஆம் பாட்டில் காண்கிறோம். நற்றிணையின் 200, 293ஆம் பாட்டுகளிலோ நொச்சி மாலை சூடிய முதிய குயவன் வருகிறான். தெருவில் நடந்து விழாவை அறிவிப்பவன் அவன்; பலியிடுபவனும் அவனே. பூணூல் மார்பர் எவரும் அருகில் இல்லை! சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கைவினைஞரிடையே ‘மண்ணீட்டாளர்’ என்று ஒரு கூட்டத்தாரைக் குறிக்கிறது; மண்ணால் உருவம் சமைப்போர் அவர்கள். கடற்கரையில் சிறுமியர் செய்து விளையாடிய வண்டற்பாவையைப் பற்றிச் சங்கப் பாட்டுகள் பலவும் பேசுகின்றன. அலை வந்து அழித்ததும் அச்சிறுமி அழுதாள். தெய்வக் குற்றம் என்று எவரும் அலறவில்லை.

வைகைக் கரையில் கீழடி. 2014–15இல் நடுவணரசுத் தொல்லியல் துறையின் அமர்நாத் இராமகிருட்டிணன் தொடங்கிய அகழாய்வை, 2018 முதல் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை தொடர்ந்தது. நான்காம் கட்டத்தில் கிடைத்த பொருள்கள் 5,820. அவற்றுள் சுடுமண் மனித உருவங்கள் 13, விலங்குருவங்கள் 3. மீதி என்ன? நூற்றுக்கணக்கில் வட்டச்சில்லுகள், பகடைகள், தக்களிகள், சுடுமண் காதணிகள், மணிகள், எழுத்துப் பொறித்த ஓடுகள். கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை அந்த ஊர் பின்னோக்கிச் செல்கிறது என்று 2019இல் வெளியிட்ட அறிக்கை அறிவித்தது. பானையில் தன் பெயரைக் கீறத் தெரிந்த மக்கள். சில்லு எறிந்து ஆடிய மக்கள். நூல் நூற்ற மக்கள். நெஞ்சு நிமிர்கிறது, ஐயமில்லை.

ஆனால் நிமிர்ந்த நெஞ்சோடு அறிவும் நிமிர்ந்து நிற்க வேண்டும். ‘கீழடியில் கடவுளே இல்லை; தமிழன் தொடக்கத்தில் நாத்திகனே’ என்று நம் தோழர்கள் சிலர் சுவரெல்லாம் எழுதுகின்றனர். உறுதியாக வழிபாட்டுப் பொருள் என்று கூறத்தக்கது எதுவும் அந்த அகழாய்வில் கிடைக்கவில்லை என்பது வரையில் உண்மை. அதிலிருந்து ‘கடவுள் நம்பிக்கையே இல்லை’ என்னும் முடிவுக்குத் தாவலாமா? கீழடி மேடு 110 ஏக்கர். தோண்டியது அதில் ஒரு சிறு பங்கு. மரத்தடியில் நட்ட மரத்தூண், பூவும் நெல்லும் தூவிய மேடை, இவையெல்லாம் மண்ணோடு மண்ணாய்ப் போயிருக்கும். அந்த 13 உருவங்களில் ஒன்றோ பலவோ வழிபட்டவையாகவும் இருக்கலாம். அத்தனையும் பிள்ளை விளையாடியவையாகவும் இருக்கலாம். பெண்ணுருவத்தைக் கண்டதும் தெய்வம் என்று தாவுகிறான் பழைமைவாதி. கோயிலைக் காணோம் என்றதும் நாத்திகம் என்று தாவினால், நாம் அவனிடமிருந்து எதில் வேறுபட்டோம்? பாய்ச்சல் ஒன்றுதான், விழுந்த இடந்தான் வேறு. சான்று எவ்வளவோ அவ்வளவே பேச்சு என்று நமக்குக் கற்பித்த இயக்கத்தில் இருந்துகொண்டு இதைச் செய்யலாகாது. கீழடிக்கு நாத்திகப் பட்டம் தேவையில்லை. எழுத்தும் தறியும் அதற்குப் போதும்.

எங்கே கிடந்தது, எப்படிப் பயன்பட்டது என்று பார்க்காமல் மண்ணுருவத்தின் பொருளைச் சொல்லவே முடியாது என்று 1962இல் பீட்டர் உக்கோ என்னும் ஆய்வாளர் உலக அறிஞருக்கு எடுத்துரைத்தார். தாய்த் தெய்வக் கொள்கையை அவர் உலுக்கிய பிறகுதான், பிள்ளைப் பொம்மை, பருவமடைந்தோர்க்குப் பாடம் சொல்லும் உருவம், பேறு வேண்டிச் செய்தது, முன்னோர் நினைவு என்று பல வழிகளும் திறந்தன. வேடிக்கை என்னவெனில், அதே கேள்வியை அதற்கு ஒன்பதாண்டு முன்பே திருச்சி நகர மன்றத் திடலில் ஒரு கிழவர் எழுப்பிவிட்டார்!

1953 மே 27. புத்தர் பிறந்த நாள். களிமண் பிள்ளையாரை மேடையிலேயே உடைத்தார் பெரியார். மத உணர்வைப் புண்படுத்தினார் என்று வழக்கு வந்தது. மண்ணால் செய்த அந்த உருவம் புனிதப் பொருள் ஆகாது என்று கீழ் மன்றங்கள் முறையீட்டைத் தள்ளின, உயர்நீதிமன்றமும் தள்ளியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1958 ஆகஸ்டில் தீர்ப்பு. எவ்வளவு அற்பப் பொருளாயினும், ஒரு வகுப்பார் அதைப் புனிதமென்று கொண்டால் அது புனிதப் பொருளே என்று சட்டத்துக்கு விரிந்த பொருள் கூறிற்று அம்மன்றம். ஆயினும் வழக்கு நாட்பட்டுவிட்டதால் மேல் நடவடிக்கை வேண்டாமென்று மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

வழக்கின் வெற்றி தோல்வியை விடுவோம். நீதிபதிகள் முன் வைத்த கேள்வியைப் பாருங்கள்! சந்தையில் விலை பேசி வாங்கிய மண், எந்த நொடியில் சாமியாகிறது? அது குயவர் வீட்டுத் திண்ணையில் காயும்போது சாமியா? கூடையில் வைத்துக் கூவி விற்கும்போது சாமியா? மூன்றாம் நாள் கிணற்றில் போடும்போது என்னவாகிறது? மண் மாறவில்லை, உருவம் மாறவில்லை, மனிதர் நடத்தும் விதமே மாறிற்று. கடவுள்தன்மை களிமண்ணில் இல்லை, கொண்டாடுவோரின் வழக்கத்தில் இருக்கிறது என்பதை உச்ச நீதிமன்றமே எழுதிக்கொடுத்துவிட்டது என்று நாம் கொள்வதில் தவறென்ன? மண்ணுக்குள் கிடைக்கும் பாவைக்கும் இதே விதி. கொண்டாடியவர் மறைந்துவிட்டார். அவர் எப்படி நடத்தினார் என்பதற்கு, அவர் அதை வைத்த இடம் ஒன்றே சாட்சி.

*

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் கெடார் இருக்கிறது. தென்பெண்ணைக்கும் சங்கராபரணிக்கும் இடைப்பட்ட இந்த நிலப்பகுதி, பழமை தேடுவோர்க்கு ஒரு சுரங்கம். கீழ்வாலைப் பாறையில் செங்காவி ஓவியங்கள். செஞ்சிப் பக்கத்து உடையார்நத்தத்தில் கல்வட்டத்தின் நடுவே மனித வடிவாய் நிறுத்திய பெரும் பலகைக் கல். ஊரார் அதை ‘விசிறிப் பாறை’ என்பர். கிழக்கே கடலோரம் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து உரோம வணிகத்தை உலகுக்குக் காட்டிய இடம். இவற்றின் நடுவே ஏரிக்கரை தோறும் ஐயனார். அவர் முன் வரிசை வரிசையாகக் குதிரை. முன்பெல்லாம் சுடுமண் குதிரை. இன்று பல ஊர்களில் சிமெந்துக் குதிரை, பளபளக்கும் வண்ணத்தோடு.

சுடுமண் குதிரையை வணங்கச் சொல்லவில்லை நாம். அதைச் செய்த கையைப் பார்க்கச் சொல்கிறோம். தென் மாவட்டங்களில் புரவி எடுப்பு என்னும் விழா உண்டு. ஊர்ப் பெரியவர் ஒரு பிடி மண்ணைக் குயவரிடம் கொடுப்பார். பிடிமண் என்பது அதன் பெயர். அதை அடி மண்ணோடு சேர்த்துப் பாகம் பாகமாக வனைந்து, சுட்டு, நிறுத்தி, குயவரே கண் திறப்பார். வேளார் என்னும் அந்தக் குயவரே பல ஊர்களில் பூசாரியும் ஆவார். அடுத்த விழாவிற்குப் புதுக் குதிரை வரும். பழையது மழையில் கரைந்து மண்ணாகும். செய்பவனே பூசாரி, அழிவதே இயல்பு, வடமொழி மந்திரம் இல்லை, கருவறை இல்லை, தீட்டென்று ஒதுக்கும் கதவும் இல்லை. நற்றிணைக் குயவனின் நிழல் ஈராயிரம் ஆண்டு கடந்து இன்னும் அந்த ஏரிக்கரையில் விழுகிறது.

அதே ஊருக்குள்ளே என்ன நடந்தது? பல்லவர், சோழர் காலத்தில் கற்கோயில் எழுந்தது. பிரமதேயம் வந்தது. ஊர்நடுவில் கல்லும் செம்பும் கடவுளாயின; அவற்றுக்கு வேறொருவன் பூசாரியானான். குயவன் மடைப்பள்ளிக்குப் பானை கொடுப்பவன் ஆனான். அவன் செய்த தெய்வம் ஊர் எல்லைக்குப் போயிற்று. ஓஹாக்காவில் அரசு எழுந்ததும் வீட்டுப் பாவை மறைந்ததைப் பார்த்தோமே, இங்கு முழுதும் மறையவில்லை, எல்லைக்குத் தள்ளப்பட்டது.

பெண்ணுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். மெக்சிகோவிலே ஸ்பானியர் வரும்வரை குயவர் சக்கரமே கிடையாது. பானையும் பாவையும் கையாலேயே செய்தனர். அதில் பெண் கைகள் பெரும்பங்கு. இந்நாட்டில் சக்கரம் உண்டு. ஆனால் பல பகுதிகளில் அதன்முன் பெண் உட்காரலாகாது என்பது விதி. மண் பிசைவாள், மிதிப்பாள், சுமப்பாள், சூளைக்கு விறகு அடுக்குவாள், சந்தையில் விற்பாள்; சக்கரத்தை மட்டும் தொடலாகாது! தொட்டால் என்ன ஆகும்? நீலமலைக் கோத்தரிடம் கேளுங்கள். அங்கே பானை வனைவது பெண்களின் தொழில். எந்தப் பானையும் தீட்டுப்பட்டு உடைந்ததாகச் செய்தியில்லை. நம் பழைய பாவைகளில் பல, சக்கரத்தின் உதவியின்றிக் கையால் செய்தவை. சக்கரத்தில் இடம் மறுக்கப்பட்ட கைகளுக்குப் பாவையில் இடம் இருந்திருக்கலாம் என்று எண்ண மனம் விழைகிறது. சில சுடுமண் பொருள்களில் செய்தவரின் விரல்ரேகை அப்படியே பதிந்து நிற்கும். அந்த ரேகைகளின் இடைவெளியை அளந்து செய்தவரின் வயதையும் பாலையும் மதிப்பிடும் முயற்சி உலகின் பல நாடுகளில் நடக்கிறது. தமிழ்நாட்டுப் பாவைகளையும் அவ்வாறு அளக்க வேண்டும் என்று நம் பல்கலைக்கழகங்களைக் கேட்கிறோம்.

அதற்குப் பாவை முதலில் நம் கைக்குச் சேர வேண்டும். கெடார் வட்டாரத்து இளைஞர்களுக்கு இதை எழுதுவதன் காரணமே அதுதான். ஏரி தூர்வாரும்போதும், வீட்டுக்குக் கடைகால் தோண்டும்போதும், செங்கல் சூளைக்கு மண் வெட்டும்போதும் ஓடு கிடைக்கும்; சில நேரம் ஒரு சிறு தலை, உடைந்த ஒரு கால், குழந்தையை அணைத்த ஒரு கை கிடைக்கும். அதைச் சாமி என்று அஞ்சி மஞ்சள் பூசி மரத்தடியில் வைத்துவிட வேண்டாம். வெறும் ஓடென்று வீசியும் விட வேண்டாம். த்லாதில்கோவில் கூலியாட்கள் காசுக்கு விற்ற உருவங்கள் பல, எந்தக் கல்லறையில் எவர் அருகில் கிடந்தவை என்று அறிய வழியின்றி உலகெங்கும் ஊமையாய் நிற்கின்றன. கழுவாதீர்கள்; வண்ணம் இருந்தால் போய்விடும். எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், பக்கத்தில் சாம்பலா, எலும்பா, பானையா என்று அங்கேயே ஒரு தாளில் எழுதுங்கள். ஓர் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். பிறகு வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ எழுத்தில் அறிவியுங்கள். 1878இல் வெள்ளையர் இயற்றிய புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளானால் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என விதித்தது. உடைந்த மண் தலைக்குப் பத்து ரூபாய் பெறுமா என்று கடைத்தெருவில் கேட்டால் சிரிப்பார்கள். நீங்கள் அறிவியுங்கள். எழுதிய தாளின் படி ஒன்றை உங்கள் படிப்பகத்தில், நாளும் இடமும் குறித்து, வைத்துக்கொள்ளுங்கள்.